வெள்ளிக் கம்பியால் தவிட்டுக்குருவி வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை, தென்காசி, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர் என்று எங்கள் வட்டாரத்தில் படம் வரைகிறவர்கள் என்னைப் பார்த்தால் வெள்ளிமுனை பற்றித்தான் கேட்கிறார்கள். ஆள் மாறுகிறதே தவிர சந்தேகம் மாறவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, கீழே பதில் எழுதி வைத்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் வெள்ளியைப் பற்றி இருக்கும். பதில்கள் பெரும்பாலும் தாளில் தடவும் பூச்சைப் பற்றியே போகும். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். வெள்ளிமுனையில் முக்கால் வேலையைப் பூச்சுதான் செய்கிறது.

வெள்ளிமுனைன்னா என்ன டீச்சர்? வெள்ளி கலர் மை போட்ட பேனாவா?

இல்லை. மையே கிடையாது. நகை செய்யும் அதே வெள்ளியில் இழுத்த கம்பி. அதன் முனையை, சற்றே சொரசொரப்பான வெள்ளைப் பூச்சு தடவிய தாளில் உரசினால் வெள்ளி துகள் துகளாகத் தேய்ந்து பூச்சில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துகள்கள்தான் கோடு. ஆசாரி உரைகல்லில் தங்கத்தை உரசிப் பார்க்கிறாரே, அதேபோலத்தான். அங்கே கல், இங்கே பூச்சு.

வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளி மோதிரம் போட்ட கையோடு வெள்ளைச் சுவரைத் தடவிக்கொண்டு போனால் சாம்பல் நிறத்தில் ஒரு கீறல் விழும். அம்மா திட்டும் அந்தக் கீறலும் வெள்ளிமுனைதான்.

பென்சில் அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்கையில எதுக்கு இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் போரோடேல் என்ற இடத்தில் பதினாறாம் நூற்றாண்டில், பென்சிலுக்குள் இருக்கிறதே அந்தக் கிராஃபைட் கிடைத்த பிறகு, ஐரோப்பாக்காரர்களே மெல்ல மெல்ல வெள்ளியைக் கைவிட்டுவிட்டார்கள். அதற்கு முன் லியோனார்டோ, ரஃபேல் எல்லாம் இதில்தான் வரைந்து பழகினார்கள். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1484இல், தன் பதின்மூன்றாவது வயதில், கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வெள்ளிமுனையில் வரைந்த படம் இன்றும் வியன்னாவில் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய அப்பா பொற்கொல்லர். பட்டறையில் வளர்ந்த பையனுக்கு வெள்ளிக் கம்பி கைக்கெட்டிய பொருள்.

பென்சிலில் வராத ஒன்று இதில் வரும். கோடு மெல்லியதாக, ஒரே சீராக இருக்கும். கை பட்டால் தீற்றாது. குருவி மாரில் இருக்கிற பூம்பஞ்சுச் சிறகுக்கு இதைவிடத் தோதான கருவி எனக்குத் தெரியாது. மளமளவென்று வரைந்து முடிக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளி விக்கிற விலைக்கு இது பணக்காரங்க வேலைல்லா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மி.மீ. கனத்தில் 5 செ.மீ. நீளக் கம்பி சுமார் 1.65 கிராம் வரும். 0.9 மி.மீ. கனம் என்றால் அதே நீளம் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குதான். அன்றைய விலையில் பெருக்கி, கூலி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்குத் தேயும் வெள்ளி தராசில் நிற்காது. ஒரு துண்டு வாங்கினால் வருஷக் கணக்கில் வரும். நல்ல தாளுக்குத்தான் இதைவிட அதிகம் செலவாகும்.

ஆசாரிட்ட போயி என்னன்னு கேக்கணும்? கம்பி மட்டும் வேணும்னா சிரிக்காரு.

சிரிக்கட்டும், செய்து கொடுத்துவிடுவார். துளைத் தகட்டில் கம்பி இழுப்பது அவருக்கு அன்றாட வேலை. கடையில் 2 மி.மீ. கிளட்ச் பென்சிலோ, 0.9 மெக்கானிக்கல் பென்சிலோ வாங்கி அதையே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அளவைச் சொல்வதைவிடப் பென்சிலைக் கையில் கொடுத்து, இதன் வாயில் நுழைகிற மாதிரி இழுத்துக் கொடுங்கள் என்பது சுலபம். மயிரிழை தடித்தாலும் உள்ளே போகாது. பென்சில் இல்லையென்றால் மூங்கில் குச்சியின் நுனியைப் பிளந்து கம்பியைச் செருகி நூலால் இறுக்கிக் கட்டினாலும் போதும்.

சுத்த வெள்ளி, தொண்ணூற்றிரண்டரை வெள்ளி, இரண்டிலும் வரையலாம். தொண்ணூற்றிரண்டரையில் மீதி பெரும்பாலும் செம்பு. கம்பி கொஞ்சம் கெட்டியாக இருக்கும். ஜெர்மன் சில்வர் வேண்டாம், பேரில் மட்டும்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். வெள்ளி முலாம் பூசியதும் வேண்டாம், முலாம் தேய்ந்ததும் உள்ளே இருக்கும் உலோகம் எழுத ஆரம்பித்துவிடும்.

கம்பி வந்ததும் முனையை 400ஆம் நம்பர் எமரி தாளில் உருட்டி உருட்டித் தேய்த்து, 1000ஆம் நம்பரில் முடியுங்கள். ஊசி மாதிரி கூராக்கக் கூடாது. கூர் முனை பூச்சைக் கிழிக்கும். உருண்டு, ஆனால் மெல்லியதாக இருக்க வேண்டும். விரல் நகத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். பிசிறு இருந்தால் நகமே சொல்லிவிடும்.

கம்பி வாங்கிட்டேன். டிராயிங் ஷீட்ல எவ்வளவு தேச்சாலும் ஒண்ணுமே விழலையே?

விழாது. வெறும் தாள் வெள்ளியைத் தேய்க்கிற அளவுக்குக் கெட்டியில்லை. மேலே சொன்ன பூச்சு இதற்குத்தான்.

எளிய வழி, கலைப்பொருள் கடையில் கிடைக்கும் குவாஷ் வெள்ளை. குவாஷ் என்பது தண்ணீரில் கரையும், அடி தெரியாமல் மூடும் வண்ணம். தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, அகலமான மென்மையான பிரஷ்ஷால் ஒரு கை குறுக்கே, காய்ந்ததும் ஒரு கை நெடுக்கே என்று இரண்டு மூன்று கை பூசுங்கள். அதைவிட மலிவான வழி, வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எமல்ஷன். 'மேட்' என்று எழுதியிருக்க வேண்டும். பளபளப்பு எமல்ஷனில் வெள்ளி வழுக்கும். இதையும் தண்ணீர் விட்டு மெல்லிசாகத்தான் பூச வேண்டும். காய்ந்தபின் 600ஆம் நம்பர் எமரியால் மேலோட்டமாக ஒரு தேய்ப்பு. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளித் திண்ணையில் வைத்துத் தேயுங்கள்.

தாள் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளாக, அதிலும் வழவழப்பான வகையாக இருக்கட்டும். சார்ட் பேப்பர் ஈரத்தில் சுருண்டுவிடும். பின்பக்கமும் ஒரு கை பூசினால் நல்ல தாளும் வளையாமல் நிற்கும்.

முகத்துக்குப் போடுற பவுடர், சாக்பீஸ், திருநீறு... இப்படி வீட்ல இருக்கிறதையே தடவினா ஆகாதா?

எல்லாரும் கேட்கிறார்கள், ஒருவர் விடாமல். ஒரு கணக்கு தெரிந்தால் பதில் உங்களுக்கே வந்துவிடும். தாதுக்களின் கெட்டித்தனத்தை மோ அளவு என்று 1 முதல் 10 வரை சொல்வார்கள். வெள்ளி 2.5 முதல் 3. பூச்சில் இருக்கும் பொடி அதற்கு மேலே இருந்தால்தான் வெள்ளியைத் தேய்க்கும். முகப்பவுடரில் இருக்கும் டால்க் 1, எல்லாவற்றிலும் மென்மையானது. நம் ஊர்ச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அது 2. இரண்டிலும் வெள்ளி வழுக்கிக்கொண்டு போகும். துத்தநாக வெள்ளை 4க்கு மேல், எலும்புச் சாம்பல் 5 அளவில், பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் வெள்ளை அதற்கும் மேல். இவைதான் வேலைக்காகும்.

திருநீறு கடைக்குக் கடை வேறு. சில வகையில் கோடு விழும். ஆனால் பரும்துகள் கலந்திருப்பதால் கோடு நடுநடுவே வெட்டி வெட்டி விழும். நெற்றியிலேயே இருக்கட்டும். வேறு எந்தப் பொடி கிடைத்தாலும் ஒரு மூலையில் பூசிக் காயவைத்து மோதிரத்தை உரசிப் பாருங்கள். சாம்பல் கீறல் விழுந்தால் ஆகும், விழாவிட்டால் ஆகாது. அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

வீடியோவுல எலும்புச் சாம்பல்னு சொல்றாங்க. எங்க வீட்ல அதெல்லாம் உள்ள விடமாட்டாங்க. வேற வழி?

எலும்பு பழைய முறை. இத்தாலியில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் 1400 வாக்கில் எழுதிய கைவினை நூலில் முறையாகச் சொல்லியிருக்கிறார்: சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கும் கோழித் தொடை எலும்பு, இறக்கை எலும்பை எடுத்து, சாம்பலைவிட வெளுப்பாகும் வரை நெருப்பிலிட்டு, கல்லில் மைய அரைத்து, எச்சில் தொட்டுக் குழைத்துப் பலகையில் தடவ வேண்டுமாம். எலும்பை ஒத்துக்கொள்கிற வீட்டிலும் எச்சிலை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சைவமாகவே செய்யலாம். துத்தநாக வெள்ளைப் பொடியை, 'ஜிங்க் ஆக்சைடு' என்று கேட்டு வாங்கி, வேலம்பிசினை இரவே ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரில் குழையுங்கள். பிசின் அளவுக்குப் படி உழக்கு கணக்கு சொல்ல முடியாது, பிசினுக்குப் பிசின் மாறும். ஒரு துண்டில் பூசிக் காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளை ஒட்டினால் பிசின் போதாது. பூச்சு பளபளத்து வெள்ளி வழுக்கினால் பிசின் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் வரும். பிசின் தண்ணீரில் இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

சேச்சி, சாரல் நேரத்துல பூச்சு காயவே மாட்டேங்குது. காஞ்சாலும் பிசுபிசுன்னு இருக்கு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருக்கும்போது எதுதான் காய்கிறது? அந்த மாதங்களில் பிசின் பூச்சைத் தொடாதீர்கள், பிசின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். எமல்ஷன் பூச்சு அவ்வளவு பாடுபடுத்தாது. இன்னும் நல்லது, மாசி பங்குனி வெயிலில் பத்துப் பதினைந்து தாள்களை மொத்தமாகப் பூசி, நடுவே வெண்தாள் வைத்துப் பெட்டியில் அடுக்கி வைத்துவிடுவது. ஈரம் படாத வரை பூச்சுத் தாள் கெட்டுப்போகாது.

அவசரத்துக்கு அடுப்பருகே காயவைக்காதீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து வெடிப்பு விடும். ஃபேன் காற்று போதும்.

எந்தக் குருவிய வரையலாம்? எங்க வீட்டு இரட்டைவால் குருவி அழகா கம்பத்துல உக்காந்திருக்கும்.

இரட்டைவாலன் வேண்டாம். வெள்ளிமுனையில் கறுப்பு வராது. எவ்வளவு அடுக்கினாலும் நடுத்தரச் சாம்பல் வரைதான். உடம்பெல்லாம் கறுப்பான குருவியை வரைந்தால் நரைத்த குருவி வந்து நிற்கும். குண்டுக்கரிச்சான், காக்கை, குயில் சேவல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தேன்சிட்டுக்கு அழகே நிறத்தில்தான் இருக்கிறது. சாம்பலில் அது தேன்சிட்டாகவே தெரியாது.

என் சிபாரிசு தவிட்டுக்குருவி. பறவை ஆட்கள் வெண்தலைச் சிலம்பன் என்பார்கள், புனலூர்ப் பக்கம் பூத்தாங்கீரி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கும் பறவை இது. உடம்பு தவிட்டு நிறம், தலை வெளுப்பு, கண்ணும் வெளுப்பு, அலகு மஞ்சள். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. வெளுப்பிலிருந்து நடுச்சாம்பல் வரைதான் இதன் நிறங்கள் போகும். வெள்ளிமுனையும் அவ்வளவு தூரம்தான் போகும். கூட்டமாக வருவதால் ஒன்று திரும்பிக்கொண்டாலும் இன்னொன்று அதே வாக்கில் நிற்கும். அந்தச் சௌகரியம் வேறு எந்தத் தோட்டத்துப் பறவையிடமும் இல்லை.

ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குதே, எப்படி வரைய?

நேரே பூச்சுத் தாளில் வரையப் போகாதீர்கள். முதலில் பழைய நோட்டில், பால்பாயிண்ட் பேனாவில், ஒரு பக்கத்துக்கு எட்டுப் பத்துக் குருவிகள் என்று கிறுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கோடு போதும்: முதுகுக் கோடு, வால் எந்தப் பக்கம், தலை எந்தச் சரிவு. முடிக்கும் முன் பறந்துவிட்டால் அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டு மூன்று நாளில் அவை திரும்பத் திரும்ப நிற்கும் வாக்கு கைக்கு வந்துவிடும். தவிட்டுக்குருவி தத்தித் தத்திப் போய், தலையைச் சாய்த்துச் சருகைப் பார்த்து, அலகால் ஒரு புரட்டுப் புரட்டும். புரட்டுவதற்கு முந்திய அந்தச் சாய்வில்தான் சற்று நிற்கும்.

புறவாசலில் முருங்கையடியில் சருகைக் கூட்டித் தள்ளாமல் விட்டு, பக்கத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஏறக்குறைய ஒரே நேரத்துக்குச் சுற்றி வரும். நீங்கள் ஜன்னலுக்கு உள்ளே உட்காருங்கள். கூடு கட்டியிருந்தால் அந்தச் செடிப் பக்கமே போக வேண்டாம். சுடலைக்குயில் இதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவதுண்டு. ஏற்கெனவே அதற்கு அவ்வளவு தொல்லை இருக்கிறது, நாமும் சேர வேண்டாம்.

சிறகு அடுக்கு தெரிய போட்டோ உதவும், வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் வாக்கை மட்டும் நோட்டுக் கிறுக்கலிலிருந்து எடுங்கள்.

சரி, பூச்சுத் தாளை எடுத்து வச்சாச்சு. எங்கிருந்து ஆரம்பிக்க?

பென்சிலில் அடிக்கோடு போடாதீர்கள். இது முக்கியம். வெள்ளி நாளாக நாளாகப் பழுப்பாகும், கிராஃபைட் சாம்பலாகவே நிற்கும். இன்று மறைந்துகொண்டிருக்கும் பென்சில் கோடு அடுத்த வருஷம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அடிக்கோட்டையும் வெள்ளியிலேயே, தாளைத் தொட்டும் தொடாமலும் போடுங்கள். அது அவ்வளவு வெளிறியே இருக்கும். பின்னால் வரும் கோடுகள் அதை மூடிவிடும்.

உள்ளங்கைக்குக் கீழே எப்போதும் ஒரு வெண்தாள் இருக்கட்டும். கையின் எண்ணெய் பட்ட இடத்தில் வெள்ளி ஒட்டாது. எண்ணெய் வைத்த தலையைக் கோதிவிட்டு வந்து வரைகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன்.

கண்ணிலிருந்து தொடங்குங்கள். தவிட்டுக்குருவிக்கு விழி வெளுப்பு, நடுவில் பாவை கறுப்பு. படத்திலேயே மிக அடர்ந்த இடம் அந்தப் பாவைதான். முதலில் அதை முடிந்த மட்டும் அடர்த்தியாக்கிவிட்டால், மற்ற எல்லாம் அதைவிட வெளிறியே இருக்க வேண்டும் என்ற அளவு கைக்கு வந்துவிடும். பாவைக்குள் ஒரு ஊசிமுனை வெள்ளை விட்டுவிடுங்கள். கண்ணைச் சுற்றியுள்ள வளையத்தை ஒரே வட்டமாகப் போடாமல் மேல் இமைப் பக்கம் சற்று அழுத்தமாகவும் கீழ்ப்பக்கம் விட்டுவிட்டும் போட்டால் அந்தக் குருவிக்கே உரிய கோபப் பார்வை வந்துவிடும். அலகை ஏறக்குறைய வெறுமையாக விடுங்கள். மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோடும், அடிப்பக்கம் ஒரு மெல்லிய நிழலும் போதும்.

மாரிலும் வயிற்றிலும் நீளக் கோடு போடவே கூடாது. அரிசி நீளத்தில் சிறு சிறு கோடுகள், சிறகு படிந்திருக்கும் திசையில், இடைவெளி விட்டு. ஒரு சுற்று முழு மாரும் போட்டு முடித்து, அதே திசையில் சற்றே சாய்த்து இரண்டாவது சுற்று. இறக்கையில் நேர்மாறு: ஒவ்வொரு நீள இறகுக்கும் ஓரக் கோடு தெளிவாக, ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல் படியும் இடத்தில் மட்டும் நிழல். வாலில் கூர்ந்து பார்த்தால் குறுக்கே மங்கலாகப் பட்டைகள் தெரியும். அவற்றை எண்ணி எண்ணி வரைய வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் காட்டினால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். காலை மெலிதாக்கிவிடாதீர்கள். தரையில் தத்துகிற பறவை, கால் உறுதியானது. பலருடைய படம் காலில்தான் கெடுகிறது.

எவ்வளவு அழுத்தினாலும் கறுக்க மாட்டேங்குது. கம்பியில ஏதும் கோளாறா?

கம்பியில் கோளாறில்லை. பென்சில் பழக்கம்தான் அப்படி அழுத்தச் சொல்கிறது. இங்கே அழுத்துவதற்கும் அடர்த்திக்கும் பெரிய சம்பந்தமில்லை. அழுத்தினால் பூச்சு பள்ளமாகி, பள்ளம் வழவழப்பாகி, அதன் பிறகு வெள்ளி ஒட்டவே செய்யாது. அடர்த்தி வேண்டுமானால் கோட்டின் மேல் கோடு, அதன் மேல் இன்னொரு கோடு. ஓர் அடுக்கு போட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போய்த் திரும்பி வாருங்கள். அப்படியும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. எந்தப் பறவை என்று கேட்டதற்குச் சொன்ன நடுச்சாம்பல் எல்லை அதுதான்.

தப்பாப் போயிட்டா ரப்பர் போட்டு அழிக்கலாமா?

சாதா ரப்பரில் போகாது, பூச்சுதான் மினுங்கும். சின்னப் பிழையானால் 1000ஆம் நம்பர் எமரியின் ஓரத்தை மடித்து அந்த இடத்தை மட்டும் மெல்லச் சுரண்டி, அதே பூச்சை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டுவைத்து, காய்ந்ததும் மேலே வரையலாம். குவாஷ் பூச்சானால் ஈரப் பிரஷ்ஷிலேயே கரைந்து வந்துவிடும்.

முதுகுக் கோடே பிசகியிருந்தால் சுரண்டி மாளாது. வேறு தாள் எடுங்கள். பழைய தாளை வீணாக்க வேண்டாம், மேலே இன்னொரு கை பூசினால் புதுத் தாள்.

வெள்ளி கறுக்கும்ல? கொலுசு மாதிரி படமும் கறுத்துப் போச்சுன்னா?

கறுக்காது, பழுக்கும். காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு ஆகின்றன. கொலுசில் அது கனமாகப் படிவதால் கறுப்பாகத் தெரிகிறது. படத்தில் இருக்கும் வெள்ளி மிக மெல்லியது, அதனால் இளம்பழுப்போடு நின்றுவிடும். சில மாதத்திலும் ஆகலாம், சில வருஷமும் ஆகலாம். எல்லாப் படமும் ஒரே அளவு மாறுவதில்லை. தவிட்டுக்குருவிக்கு அந்தப் பழுப்பு பொருத்தமாகவே அமையும். இதுவும் அதை நான் சிபாரிசு செய்யக் காரணம்.

மாறாமலே வைத்திருக்க வேண்டுமா? கண்ணாடிச் சட்டத்துக்குள் போடுங்கள், மிகவும் மெதுவாகத்தான் மாறும். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைக்காதீர்கள், ரப்பரில் கந்தகம் உண்டு. தீபாவளி அன்று வெடிப்புகை வரும் வாசல் திண்ணையில் படத்தைத் திறந்து வைக்காதீர்கள். ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே தேவையே இல்லை. இந்தக் கோடு தானாக உதிராது.

அவிச்ச முட்டையோட டப்பாவுல வச்சா சீக்கிரம் பழுப்பாகும்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான். அவித்த முட்டையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்த வேலையைச் செய்யும். ஆனால் முட்டையின் ஈரமும் சேர்ந்து பூச்சில் ஏறும், முட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஓரம் மட்டும் முந்திக்கொண்டு பழுக்கும். ஒரு பரிசோதனைத் துண்டில் ஆசைக்குச் செய்து பாருங்கள். நல்ல படத்தில் வேண்டாம்.

போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல போட்டா கோடே தெரியலக்கா. ஸ்கேன் பண்ணாலும் அப்படித்தான்.

கோடு உலோகம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேராக வெளிச்சம் பட்டால் கோடு மினுங்கி வெள்ளையோடு வெள்ளையாகிவிடும். ஸ்கேனரில் நடப்பதும் அதுவே. ஃபிளாஷை அணைத்துவிட்டு, காலை நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தாளை வைத்து, கோடு சாம்பலாகத் தெரியும் கோணம் வரும் வரை தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். நேரில் பார்க்கிறவருக்கும் இப்படித்தான், நகர்ந்தால் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்கு எரிச்சலாக இருக்கும்.

வெள்ளைத் தாள்ல வெள்ளைத் தலையை எப்படிக் காட்ட?

பூச்சிலேயே நிறம் கலந்துவிடுங்கள். குவாஷ் வெள்ளையில் காவி நிற வாட்டர்கலரும் துளி கறுப்பும் சேர்த்தால் இளந்தவிட்டு நிறம் வரும். அதில் உடம்பை வெள்ளியால் வரைந்து, கடைசியில் தலையின் உச்சி, மாரின் வெளுப்பு, கண்ணின் விழி ஆகிய இடங்களை மட்டும் மெல்லிய பிரஷ்ஷில் குவாஷ் வெள்ளையால் தொட்டுவைக்கலாம். பழைய இத்தாலிய ஓவியர்களும் நிறப்பூச்சுத் தாளில் இப்படித்தான் வெள்ளை ஏற்றினார்கள். நிறம் கொஞ்சமாக இருக்கட்டும். பூச்சு அடர்ந்துவிட்டால் வெளிறிய வெள்ளிக் கோடு அதற்குள் காணாமல் போய்விடும்.

சின்னப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா? வெள்ளிக்குப் பதிலா வேற கம்பி?

வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். பழக்கத்துக்குச் செம்புக் கம்பியும் நல்லது. எலெக்ட்ரீஷியனிடம் மிச்சத் துண்டு கேட்டால் சும்மாவே தருவார், உறையை உரித்துவிட்டு முனையை மேலே சொன்னபடி தேயுங்கள். அலுமினியக் கம்பியும் கோடு போடும், ஆனால் பழுக்காது. ஈயம் மட்டும் கூடவே கூடாது. மிருதுவாக அருமையாக எழுதும், பழைய காலத்தில் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் நஞ்சு. எமரி தேய்க்கும் வேலையையும் பொடி குழைக்கும் வேலையையும் பெரியவர்களே செய்யுங்கள்.

போன வருஷம் வரைஞ்ச படத்துல புள்ளி புள்ளியா பூஞ்சை வந்திருக்கு. அதுவும் வெள்ளி பழுக்குறதுதானா?

இல்லை. பழுப்பு கோட்டில்தான் வரும், வெற்று இடத்தில் வராது. வெற்று இடத்திலும் புள்ளி இருந்தால் பூஞ்சைதான். பிசின் பூச்சுக்கு அது பிரியமான சாப்பாடு. கிராம்பு எண்ணெய் விடச் சொன்னது அதற்காகத்தான். வந்துவிட்டதென்றால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூச்சு கரைந்து கோடும் கூடவே வந்துவிடும். நல்ல வெயில் நாளில், வெயில் நேரே படாத காற்றோட்டமான இடத்தில் நன்றாக உலரவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் வெளியே வைத்துத் தட்டிவிடுங்கள். கறை கொஞ்சம் நிற்கும். அந்த இடத்தில் கோடு இல்லையென்றால், மேலே சொன்ன மாதிரி சுரண்டிப் பூசலாம்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மேற்குப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். நம் பக்கம் சாரல் அடித்து ஊறுவது அந்தச் சுவர்தான். சமையலறைச் சுவரும் வேண்டாம். சாரல் தொடங்கும் முன் இறக்கி, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தோடு பெட்டியில் வைத்துவிட்டு, ஆவணி கழிந்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.